சிவப்புப் பாயில் ஒருத்தி

இருபது பிள்ளைகளும் வந்தாச்சு டீச்சர், ஒருத்தர் பாக்கியில்லை என்று தலைமையாசிரியை ஞானசுந்தரி சொன்னபோது உலகம்மாளின் வாய் தன்பாட்டுக்கு ரொம்ப நல்லது டீச்சர் என்று சொல்லிவிட்டது. கேட்டது என்ன என்று மண்டைக்கு எட்டியது அதற்குப் பிறகுதான். இருபது எப்படி வரும்? பத்தொன்பது வரும். பதினெட்டு வரும், ஊரில் காய்ச்சல் இருந்தால் பதினைந்தோடுகூட நிற்கும். இருபது வராது. வராது என்பது இந்தப் பூமியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஏனென்றால் இருபதாவது பிள்ளையைப் பெற்றவளே அவள்தான். வயிற்றில் சுமந்து பெறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதத்துச் சாரலில், தென்காசி போகிற பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வைத்த டேப்லெட்டில் ஆட்காட்டி விரலால் தட்டித் தட்டிப் பெற்றாள். பெ. முகிலா, பெண், இரண்டாம் வகுப்பு. மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் பிரசவம் முடிந்துவிட்டது, கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது பிள்ளைக்கு அப்பா பேர்கூட வைத்தாகிவிட்டது. பெருமாள். அந்தப் பக்கத்தில் பெருமாள்களுக்கா பஞ்சம்? இப்போது நான்காம் வகுப்பு வராந்தாவில் பெஞ்சு போட்டு, தண்ணீர் வைத்து, வரிசையாக ஆளை அனுப்புகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு ஞானசுந்தரி உள்ளே போனாள். மணி பத்தே கால். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மலை வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது.

ஏன் எழுதினாள்? யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்தும் அவளுக்கு ஒரு பதில் தேறவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. டேப் மூடவில்லை, அவ்வளவுதான் காரணம். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு பள்ளிக்கு இருபது பிள்ளை என்று கணக்குக் கட்டியிருந்தார்கள். அது அவர்கள் புள்ளிவிவரத்துக்கு வேண்டும், எதற்கென்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டினார்கள், உலகம்மாளும் தலையாட்டினாள். நூறு பள்ளிகளில் பிள்ளைகளை முதலில் ஒரு முறை சோதிப்பது, பிறகு பாதிப் பள்ளிகளில் புதிய முறையில் பாடம் நடத்துவது, இரண்டு வருஷம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி சோதித்துப் புதிய முறை பலித்ததா என்று பார்ப்பது. நல்ல விஷயம்தான். பி.எட். முடித்துப் பத்து வருஷம் தேர்வு எழுதி எழுதி ஓய்ந்தவளுக்குக் கழுத்தில் ஒரு அட்டையும் மதிப்பீட்டாளர் என்று ஒரு பெயரும் தந்தது வேறு யார்? அன்றைக்கு இந்தப் பள்ளியின் இரண்டாம் வகுப்பில் இருந்ததே பத்தொன்பது. பத்தொன்பதாவது பிள்ளையோடு சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினால் அது சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. இருபது இல்லாத பள்ளியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு வேறு பள்ளியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறினாள், மழை ஜன்னலில் அடித்தது, மலைமேல் மேகம் இறங்கியிருந்தது, விரல் முகிலா என்று எழுதியது. அதோடு விட்டாளா? குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. நிஜப் பிள்ளைகளுக்கு அதில் கூச்சம், சத்தம் குறைவு என்று இரண்டு வார்த்தைக்கு மேல் அவள் எழுதியதில்லை. இல்லாத பிள்ளைக்குத்தான் விரல் நீண்டது: இடது கைப் பெருவிரலால் வரியைத் தொட்டுக்கொண்டு படிக்கிறாள், திக்கும்போது கீழுதட்டைக் கடிக்கிறாள், பத்தியில் ஏழாவது சொல்லில் நின்றுவிட்டாள். நிஜத்துக்கு இரண்டு வார்த்தை போதும், பொய்க்குத்தான் பெருவிரலும் உதடும் தேவைப்படுகிறது. எழுதி முடித்ததும் பொத்தான் பச்சையாகியது. தென்காசி வந்து இறங்கும்போது அவளுக்கு நன்றாகப் பசித்தது.

முதல் பிள்ளை வந்து உட்கார்ந்தது, அருண்பாண்டி என்றது, அவள் நீட்டிய தாளை வாங்கிச் சோதனைப் பத்தியைக் கடகடவென்று படித்தது. ஒரு ஊரில் ஒரு குளம் இருந்தது. குளத்தின் கரையில் ஒரு வேம்பு நின்றது. வேம்பில் இரண்டு மைனாக்கள் இருந்தன. போன முறை இதே பயல் எழுத்துக்களை மட்டும் சொல்லிவிட்டு ஒன்றுக்குப் போகணும் என்று எழுந்து ஓடியவன். பத்தியை முடித்து, அடுத்த பக்கத்துக் கதையையும் முடித்து, இன்னும் இருக்கா டீச்சர் என்று கேட்டான். உலகம்மாளுக்குக் கண் கரித்தது. அடுத்தது வந்தது, அடுத்தது வந்தது, எல்லாம் படித்தன. புதிய முறை பலித்திருக்கிறது, சந்தேகமே இல்லை. வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்து உட்காரவைக்கிறார்கள். எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்குச் சிவப்புப் பாய், சொல் கூட்டிப் படிப்பவர்களுக்கு மஞ்சள் பாய், கதை படிப்பவர்களுக்குப் பச்சைப் பாய். தேறினால் பாய் மாறலாம், மாறுகிற அன்றைக்குக் கைதட்டல் உண்டு, பாராட்டுத் தாளோடு போட்டோ உண்டு. ஜன்னல் வழியாக வகுப்பு தெரிந்தது. பச்சைப் பாயில் இடம் போதாமல் பிள்ளைகள் தரையில் வழிந்திருந்தார்கள். மஞ்சளில் ஏழெட்டுப் பேர். சிவப்புப் பாய் சுவரோரம் விரித்தபடி கிடந்தது, அதில் ஒரே ஒரு பிள்ளை, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. இரட்டைச் சடை, கறுப்பு ரிப்பன். உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பேரைப் படித்தாள், குரல் சரியாகத்தான் வந்தது.

வேறு வகுப்புப் பிள்ளையாக இருக்கும். ஒன்றாம் வகுப்பில் வளர்த்தியான பிள்ளைகள் இல்லையா என்ன. அல்லது ஞானசுந்தரி டீச்சருக்கு எண்ணத் தெரியவில்லை, பணி ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் பாக்கி, கண்ணில் புரை. அல்லது அதிகாரி வந்தால் எல்லாம் சரி என்று சொல்லிப் பழகிய வாய், சரி என்று சொல்லியிருக்கிறது. அப்படித்தான் இருக்கும். போன வருஷம் சென்னையில் நடுவாண்டுக் கூட்டத்தில் இவளையும் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழந்தை, ஒரு முகம், மறந்துவிடாதீர்கள் என்று இயக்குநர் சொன்னார், நல்ல மனுஷர். எல்லாப் புள்ளியும் மேலே போக, இடது ஓரத்தில் அடியில் ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அது யார் என்று யாரோ கேட்டார்கள். ஒன்றிரண்டு அப்படி இருக்கத்தான் செய்யும் என்றார் இயக்குநர். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் உலகம்மாள். இல்லாத பிள்ளைக்கு நடுவாண்டில் யார் மதிப்பெண் போட்டார்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர்கள் போட்டிருப்பார்கள், விடுபட்ட கட்டத்தை யாராவது நிரப்பத்தானே செய்வார்கள், நான் நிரப்பவில்லையா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மதியம் ஐஸ்கிரீம் வைத்தார்கள், சாப்பிட்டாள்.

பதினோராவது பிள்ளை, பன்னிரண்டாவது. டேப்பில் ஒவ்வொரு பேரைத் தொட்டாலும் முதலில் நான்கு வரி திறக்கும்: இருக்கிறார். இன்று வரவில்லை. பள்ளி மாறிவிட்டார். இறந்துவிட்டார். இரண்டு வருஷமாக அவள் காத்திருந்தது மூன்றாவது வரிக்காக. பள்ளி மாறிவிட்டார் என்று ஒரு தட்டு, பஸ்ஸில் பிறந்தவள் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்தாள் என்று கதை முடிந்துவிடும், யாரும் தேடப்போவதில்லை. அந்த நிம்மதிக்காகத்தான் இந்தப் பள்ளியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்தாள். விரல் தவறி நான்காவது வரியைத் தொட்டுவிடுமோ என்று ஒரு பயம் மட்டும் உண்டு. இல்லாதவள் எப்படிச் சாவாள் என்று பகலில் சிரிப்பாள், ஆனாலும் டேப்பை எடுக்கும்போதெல்லாம் அந்த ஆட்காட்டி விரல் கொஞ்சம் தள்ளியே நிற்கும். பதினான்காவதாக வந்த பிள்ளைக்கு மகராசி என்று பேர், வாயாடி, படித்து முடித்ததும் போகாமல் அட்டையைத் தொட்டுப் பார்த்தது. சிவப்புப் பாயில இருக்கிறது யாரு என்று உலகம்மாள் கேட்டுவிட்டாள். கேட்கக் கூடாதென்று இருந்தவள்தான். "அவளா, முகிலா டீச்சர். யார்கிட்டயும் பேசமாட்டா" என்று சொல்லிவிட்டு மகராசி தண்ணீர்ப் பானைப் பக்கம் ஓடிவிட்டது.

முகிலா. உலகத்தில் ஒரு முகிலாதானா? மேகத்தைப் பார்த்துப் பேர் வைக்க இன்னொருத்தருக்கு வராதா? பெ. முகிலாவா, வேறு எழுத்தா என்று கேட்டிருக்கலாம், ஓடிவிட்டதே. கை வேர்த்து டேப்பின் கண்ணாடி விரலை வாங்க மறுத்தது, சேலையில் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். பதினைந்து, பதினாறு. ஒரு ஊரில் ஒரு குளம் இருந்தது. எத்தனை முறை கேட்டாலும் அந்தக் குளம் வற்றுவதாயில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது, யாரோ கரண்டியை அண்டாவில் தட்டினார்கள். பதினேழாவது பிள்ளை மைனாக்கள் என்பதை ஐந்து எண்ணிக்கைக்குள் சொல்ல முடியாமல் திணறியது. ஒரு சொல்லில் நின்றால் மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும், உதவக் கூடாது, ஐந்தானதும் கோடு போட்டுவிட வேண்டும் என்பது விதி. அவள் எண்ணினாள், எண்ணும்போதே கண் ஜன்னலுக்குப் போனது, முதுகு அசையவில்லை. ஆனால் அந்தத் தலை இலேசாக இடமிருந்து வலமாகப் போய், சட்டென்று திரும்பி, மறுபடி இடமிருந்து வலமாகப் போனது. பச்சைப் பாய்க்காரர்களின் பெரிய கதைப்புத்தகம் சுவரில் மாட்டியிருந்தது, அதன் நேர் எதிரே அவள் இருந்தாள். என்ன செய்கிறாள் என்று உலகம்மாளுக்கு அப்போது விளங்கவில்லை. எழுந்து ஓடிவிடலாமா, வயிற்றுவலி என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தபடியே பதினெட்டு, பத்தொன்பது முடித்தாள். டேப் தானாகவே கடைசிப் பேரைத் திறந்து நான்கு வரிகளையும் காட்டிக்கொண்டு காத்திருந்தது. அவள் மூன்றாவது வரிக்கு மேலே விரலை வைத்தபோது பெஞ்சின் மறுபக்கம் யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒன்பது வயதிருக்கும். மாநிறம், நெற்றியில் சின்னத் தழும்பு, மேல் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. மூச்சு விட்டது. மூக்கு கொஞ்சம் ஒழுகியது, அதைப் பார்த்தபோது உலகம்மாளுக்கு ஓரளவு தைரியம் வந்தது, பேய்க்கு எங்கே சளி பிடிக்கும். பேர் கேட்டாள். முகிலா என்றது. அப்பா பேர் கேட்டாள். பெருமாள் என்றது, பாடம் ஒப்பிப்பதுபோல. அவள் தாளை நீட்டினாள். நீட்டும்போதே வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது, வலது கையை வை, தயவுசெய்து வலது கையை வை. பிள்ளை இடது கையை எடுத்துப் பெருவிரலை வரியின் முதல் எழுத்தில் வைத்தது. ஒரு. ஊரில். ஒரு. குளம். பெருவிரல் ஒவ்வொரு சொல்லாகத் தாண்டியது. இருந்தது. குளத்தின். கரையில் என்பதற்கு முன்னால் விரல் நின்றது. கீழுதடு பல்லுக்குள் போனது. உலகம்மாளின் முதுகுத்தண்டில் ஜூலை மாதத்துச் சாரல் இறங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தவள் எத்தனை வரை எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ்ஸில் தான் ஒருத்தியாகத் தனியாக இருந்து எழுதியது, ஒரு மனுஷருக்குச் சொல்லாதது, எதிரே உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. இருந்துக்கோ, இப்ப வாரேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஞானசுந்தரி டீச்சர் தலைமையாசிரியர் அறையில் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்துங்க என்றாள், கேள்வி வருமுன்னே பதில் தயாராக இருந்தது. முதல் சோதனை முடிந்த மறுமாதம் சென்னையிலிருந்து, குறிப்புக் கட்டத்தில் எழுதியதெல்லாம் அச்சடித்து, பிள்ளைகளின் நிலை அட்டைகள் வந்தனவாம், எண்ணினால் இருபது, வகுப்பில் பத்தொன்பது. போன் போட்டுக் கேட்டால் எங்கள் பட்டியல் சரி, உங்கள் பதிவேட்டைப் பாருங்கள் என்றார்களாம். மேலேயிருந்து வந்த காகிதத்தில் இருப்பது கீழே இல்லை என்றால் கீழேதான் தப்பு என்று முப்பத்தைந்து வருஷம் பழகியவள். வருகைப் பதிவேட்டில் முகிலாவை இருபதாவதாக எழுதிவிட்டாள். மூன்றாம் மாதம் ஒருத்தி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து காலில் விழுந்தாளாம். செங்கல் சூளையில் வேலை. புருஷனிடமிருந்து தப்பி வந்தவள், பிள்ளையின் நெற்றித் தழும்பு அவன் கொடுத்தது. பழைய பள்ளியிலிருந்து பேரை மாற்றக் கேட்டால் மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிடும். "பேர் ஒண்ணு சும்மாதான கெடந்துச்சு டீச்சர்" என்றாள் ஞானசுந்தரி. "அரசாங்கக் கம்ப்யூட்டர்ல அந்தப் பிள்ளை இல்ல. ஒங்க லிஸ்ட்ல மட்டுந்தான் இருக்கா." நிலை அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று தாய்தான் சொல்லிக் கொடுத்தாளாம், விரல் முதற்கொண்டு, வீட்டிலும் அந்தப் பேரையே கூப்பிடுகிறாளாம். தேறினால் பாய் மாறும், பாய் மாறினால் போட்டோ, போட்டோ எந்த ஊர் வாட்ஸப் குழுவுக்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்? வரும்போதே பிள்ளைக்குக் கதை படிக்கத் தெரியுமாம். "இப்பமும் வாயத் தொறக்காம வாசிக்கா. கண்ணு மட்டும் ஓடும், பாத்துருப்பீக." பேனாவைத் திருகிவிட்டுத் தலையைத் தூக்கினாள். "மாறிப் போயிட்டான்னு மட்டும் போட்டுராதீங்க. அட்டை இல்லன்னா அவள நான் எங்க வைக்க? அன்னிக்கு நீங்க ஏன் எழுதுனீங்கன்னு நான் கேக்கல டீச்சர்." அடுத்த தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தா ஒன்றும் நீளமில்லை, இருபது தப்படி இருக்கும், உலகம்மாளுக்கு அது முடியவே இல்லை. அழித்துவிட்டால் தான் தப்பிக்கலாம், பிள்ளைக்கு இருக்க ஓர் இடமும் கிடையாது. உள்ளதைப் போட்டால், கதை சரளமாகப் படிக்கிறாள் என்று போட்டால், சாயங்காலமே பச்சைப் பாயில் நிறுத்தி, கையில் தாளைக் கொடுத்து, சிரி பாப்பா என்பார்கள். எங்கோ ஒரு போனில் ஒருத்தன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நெற்றித் தழும்பைப் பார்ப்பான். நின்ற இடத்திலேயே நிறுத்தினால் இருக்கலாம், சிவப்புப் பாயில், முதுகைக் காட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, இவள் பஸ்ஸில் போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கமே. நான் அன்றைக்குக் கதை படிக்கிறாள் என்று எழுதியிருக்கக் கூடாதா? கையில் இருந்தது பேனாகூட இல்லை, ஒரு விரல், மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் ஒரே பாடுதானே? பொய்யாக ஒரு பிள்ளையைச் செய்தவளுக்கு அதைக் கெட்டிக்காரியாகச் செய்ய ஏன் தோன்றவில்லை? கெட்டிக்காரப் பிள்ளை என்றால் யாராவது சந்தேகப்படுவார்கள், மக்குப் பிள்ளை என்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு, உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது. பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது, பெருவிரல் ஏழாவது சொல்லுக்கு முன்னால் வைத்த இடத்திலேயே இருந்தது. உலகம்மாள் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, வீட்டில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். முகிலா என்றது. அதற்கு முன்னால்? கீழுதடு பல்லுக்குள் போனது. உலகம்மாள் எண்ணவில்லை. டேப்பை எடுத்து இருக்கிறார் என்பதைத் தொட்டாள், ஏழாவது சொல்லில் கோடு போட்டாள், குறிப்பில் மாற்றமில்லை என்று எழுதினாள். பொத்தான் பச்சையாகியது.

முடிஞ்சுது, நீ போலாம் என்றாள். பிள்ளை போகவில்லை. வராந்தாவின் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்தது. பிறகு உலகம்மாளின் கழுத்தில் தொங்கிய அட்டைக்குக் குனிந்து, விரலை வைக்காமல், ஒரு இடத்திலும் நிற்காமல், சன்னக் குரலில் படித்தது: சு. உலகம்மாள், மதிப்பீட்டாளர், தொடக்கக் கல்வி மேம்பாட்டு ஆய்வு, இந்த அட்டையைக் கண்டெடுத்தவர்கள் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும். நல்ல குரல், பச்சைப் பாயில் அத்தனை பேரையும் முந்தியிருக்கும். படித்து முடித்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"இது ஒங்க நெசப் பேரா டீச்சர்?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உலகம்மாள் வாயைத் திறந்தாள். பெஞ்சின் மேல் பிள்ளை இடது கையை விரித்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதடு அசைய, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கியது. ஐந்து விரலும் மடங்கிய பிறகு, இவளுக்கு எங்கே கோடு போடுவது என்று பார்ப்பதுபோலச் சற்று நேரம் பார்த்துவிட்டு, எழுந்து போய்ச் சிவப்புப் பாயில் உட்கார்ந்துகொண்டது.